தாழ்சுரப் புல்லாங்குழல்கள்: ஆல்ட்டோ, பாஸ் குழல்களின் வரலாறும் தேர்வும்

ஆல்ட்டோ புல்லாங்குழலும் பாஸ் புல்லாங்குழலும் மேற்கத்திய இசையில் வழங்கும் குறுக்குக் குழல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இசைக்குழுக்களில் பரவலாகக் காணப்படும் சாதாரணக் குழலின் மிகத் தாழ்ந்த சுரம் பியானோவின் நடு 'சி' ஆகும். ஆல்ட்டோ குழல் அதற்குக் கீழுள்ள 'ஜி' வரை இறங்கும். கர்நாடக இசை மாணவர்களுக்குச் சொல்வதானால், இரண்டுக்கும் உள்ள தூரம் ஷட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரம். பாஸ் குழல் சாதாரணக் குழலுக்கு முழுமையாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இவற்றுக்கும் கீழே கான்ட்ரா ஆல்ட்டோ, கான்ட்ரா பாஸ் என்னும் இன்னும் பெரிய குழல்களும் உண்டு.

இக்குழல்களை வாங்க முற்படும் மாணவர் முதலில் சில கேள்விகளைச் சந்திக்கிறார். தலைப்பகுதி நேராக இருக்க வேண்டுமா, வளைந்திருக்க வேண்டுமா? வெள்ளிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? ஆல்ட்டோவை முதலில் வாங்குவதா, பாஸையா? இசைத்தாளில் 'பாஸ் குழல்' என்று எழுதியிருந்தால் அது எந்தக் குழலைக் குறிக்கிறது? இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏறத்தாழ 500 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தவருக்குக் கடையில் முடிவெடுப்பது எளிதாகும். விலை மிகுந்த கருவி என்பதால் தவறான தேர்வின் சுமையும் பெரிது.

நீளமும் விரலும்

குழலின் சுருதியை முதன்மையாக நிர்ணயிப்பது அதனுள் அதிரும் காற்றுத்தம்பத்தின் நீளம். இரு முனைகளும் திறந்த குழாயில் அந்த நீளம் ஒலி அலைநீளத்தில் பாதி. சாதாரணக் குழலின் நடு 'சி' நொடிக்கு ஏறத்தாழ 262 அதிர்வுகள் கொண்டது; அதற்கு 66 செ.மீ. அளவு காற்றுத்தம்பம் வேண்டும். ஆல்ட்டோவின் தாழ்ந்த 'ஜி' 196 அதிர்வுகள் கொண்டது. அதற்கு 88 செ.மீ. வேண்டும். பாஸ் குழலின் தாழ்ந்த 'சி' 131 அதிர்வுகள், அதற்கு 1.3 மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஊதுதுளையிலும் திறந்த முனையிலும் ஏற்படும் விளைவுகளால் உலோகக் குழாயின் உண்மை நீளம் இக்கணக்கிலிருந்து சிறிது மாறுபடும், விகிதம் மாறுவதில்லை.

குழாய் நீண்டால் துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. மனித விரல்கள் நீள்வதில்லை. தாழ்சுரக் குழல்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்தியாவிலும் இதே எல்லையைக் காணலாம். கர்நாடக இசைக் குழல் எட்டு விரல்துளைகள் கொண்ட குட்டையான மூங்கில் கருவி. இந்துஸ்தானி இசையில் பன்னாலால் கோஷ் (1911–1960) ஆலாபனையின் மந்திர ஸ்தாயிச் சஞ்சாரங்களுக்காக ஏறத்தாழ 32 அங்குல நீளமுள்ள பெரிய பாஸுரியை மேடைக்குக் கொண்டுவந்தார். சாவிகள் எவையும் இல்லாத அக்குழலில் விரல்களை அகல விரித்து, நுனிகளால் அன்றி விரலின் நடுப்பகுதியால் துளைகளை மூட வேண்டியிருக்கிறது. அதற்குமேல் நீளத்தைக் கூட்டக் கூட்டக் கை எட்டுவது அரிதாகிறது. ஐரோப்பியரின் பழைய பாஸ் குழலும் ஏறத்தாழ இதே நீள அளவில்தான் நின்றிருந்தது.

மறுமலர்ச்சிக் காலக் குழல் குடும்பம்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கருவிகளைக் குடும்பமாகச் செய்யும் வழக்கம் இருந்தது. நான்கு குரல்களுக்கு எழுதிய பாடலை ஒரே வகைக் கருவியின் வெவ்வேறு அளவுகளில் வாசிப்பார்கள். ஜெர்மானியரான மார்ட்டின் அக்ரிக்கோலா 1529-இல் வெளியிட்ட இசைக்கருவி நூலில் குறுக்குக் குழல்களின் பல அளவுகள் படமாக இடம்பெற்றன. பிரான்சில் ஃபிலிபேர் ஜாம்ப் டெ ஃபேர் 1556-இல் குழல் வாசிப்பைப் பற்றி எழுதினார். மிக்கேல் பிரட்டோரியுஸ் 1619-இல் வெளியிட்ட தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியில் மூன்று அளவுகளைக் குறிப்பிட்டார். அவற்றில் பெரியதான பாஸ் குழலின் தாழ்ந்த சுரம் 'ஜி'. இன்று ஆல்ட்டோ என்று நாம் அழைக்கும் குழலின் தாழ்ந்த சுரமும் அதுவே. அதாவது அன்றைய பாஸ், இன்றைய ஆல்ட்டோவின் எல்லையிலேயே நின்றது.

அந்த பாஸ் குழல் ஆறு துளைகள் மட்டும் கொண்ட மரக்குழாய். இரு துண்டுகளாகச் செய்து பொருத்துவதும் உண்டு. அதில் சாவிகள் இல்லை. விரல் எட்ட வேண்டும் என்பதற்காகத் துளைகளைச் சிறிதாகவும் நெருக்கமாகவும் இட்டார்கள். சிறிய துளை ஒலியைக் குறைக்கும். ஆதலால் அதன் ஒலி மென்மையானது. சிறு அறைக்கும் சம அளவிலான குழல்களின் கூட்டத்துக்கும் பொருந்தியது. இத்தகைய பழங்குழல்கள் சில இத்தாலியின் வெரோனா நகரிலுள்ள ஃபிலார்மோனிக்கா அகாதெமியில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் குழல் புதிய வடிவம் பெற்றது. குழாய் கூம்பு வடிவமாயிற்று. ஒரு சாவி சேர்ந்தது. குழல் தனி வாத்தியமாக மேலெழுந்தது. கூட்டமாக வாசிக்கும் வழக்கம் மறைந்தபோது குடும்பத்தின் பெரிய உறுப்பினர்களுக்கும் வேலை குறைந்தது. ஆனால் அவை அடியோடு அழியவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் குழலாசிரியரான யோஹான் யோஆகிம் குவான்ட்ஸ் 1752-இல் எழுதிய நூலில் சாதாரணக் குழலைவிடப் பெரிய, அருகி வழங்கிய குழல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 'ஃப்ளூட் தாமூர்', அதாவது 'காதல் குழல்' என்று பிரெஞ்சில் அழைக்கப்பட்ட குழல் அவற்றில் ஒன்று.

இன்னும் தாழ்ந்த சுருதிக்கு முயன்றவர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள். குழாயின் தலைப்பகுதியை வளைத்து மடக்குவது ஒன்று. எட்டாத துளைகளுக்குச் சாவி பொருத்துவது மற்றொன்று. இலண்டனைச் சேர்ந்த மால்கம் மக்ரெகர் 1810-இல் பெற்ற காப்புரிமை இவ்வகையில் அமைந்தது. இன்று கடையில் காணும் வளைந்த தலைப்பகுதி புதிய கண்டுபிடிப்பு அன்று. அதன் வேர் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது.

தெயோபால்ட் பேம்

தாழ்சுரக் குழலின் நவீன வரலாறு மியூனிக் நகரத் தெயோபால்ட் பேமிடம் (1794–1881) தொடங்குகிறது. அவர் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். அரசவை இசைக்குழுவில் குழல் வாசித்தவர். குழல் செய்யும் பட்டறையையும் நடத்தியவர். அதுவரை குழல் செய்தவர்கள் விரல் எட்டும் இடத்தில் துளை இட்டார்கள். துளை எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஒலியியல் தீர்மானிக்கட்டும். விரலை அங்கே கொண்டுசேர்ப்பது எந்திர அமைப்பின் பொறுப்பாகட்டும் என்பது பேம் கொண்ட நிலைப்பாடு. 1832-இல் வளையச் சாவிகள் கொண்ட கூம்புக் குழலையும், 1847-இல் நீள் உருளை வடிவக் குழலையும் அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் குழல் இந்த இரண்டாவது வடிவத்தின் வழிவந்ததே.

சாதாரணக் குழலில் இந்த மாற்றம் ஒலியைப் பெருக்கியது, சுருதியைச் சீராக்கியது. பெரிய குழலில் அதன் விளைவு இன்னும் ஆழமானது. துளை எவ்வளவு தள்ளியிருந்தாலும் அச்சுக்கம்பியும் நெம்புகோலும் விரலை அதனோடு இணைத்துவிடும். மூன்று நூற்றாண்டாகக் குழலைக் கட்டிவைத்த விரல் எல்லை இதனால் தளர்ந்தது. 1850-களில், அறுபது வயதை ஒட்டிய காலத்தில், பேம் 'ஜி' சுருதி ஆல்ட்டோ குழலை உருவாக்கினார். முதுமையில் அவர் மிகவும் விரும்பிய கருவி அதுவே. பிற இசையமைப்பாளர்களின் படைப்புகளை ஆல்ட்டோவுக்கும் பியானோவுக்கும் ஏற்ப மாற்றி எழுதினார். 1871-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த 'குழலும் குழல் வாசிப்பும்' என்னும் நூலில் ஆல்ட்டோவுக்கென்று தனி இடம் ஒதுக்கி, அது பாடல் பாணி இசைக்குச் சிறப்பாகப் பொருந்துவது என்றார். இயற்பியலாளர் டேட்டன் மில்லர் இந்நூலை 1908-இல் ஆங்கிலத்தில் தந்தார். மில்லர் திரட்டிய ஏறத்தாழ 1,700 குழல்களும் தொடர்புடைய பொருள்களும் இன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

ஆல்ட்டோவின் உட்குழாய் விட்டம் பொதுவாக 26 மி.மீ.; சாதாரணக் குழலின் விட்டம் 19 மி.மீ. நீளம் கூடிய அதே விகிதத்தில் விட்டமும் கூடியிருப்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆல்ட்டோ எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பெருக்கப்பட்ட குழல். அதன் தாழ்ந்த சுரங்கள் செறிவாக ஒலிப்பதற்கு இது முக்கியக் காரணம். பாஸ் குழலில் இந்த விகிதம் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இரண்டு மடங்கு நீளத்துக்கு 38 மி.மீ. விட்டம் வேண்டும், பெரும்பாலான பாஸ் குழல்கள் 30 மி.மீ. அளவையே ஒட்டியிருக்கின்றன. அகலமான குழாய் மிகுந்த காற்றைக் கேட்கும். மேல் ஸ்தாயிச் சுரங்களும் அதில் எளிதில் பேசா. ஆகவே பாஸ் குழல் ஒரு சமரசம். அதன் அடிச்சுரம் மென்மையாக இருப்பது குறிப்பிட்ட கருவியின் பழுது என்று புதிதாக வாசிப்பவர் எண்ண வேண்டியதில்லை.

இசைக்குழுவில் இடம்

பேம் உருவாக்கிய ஆல்ட்டோ உடனே பரவவில்லை. அதற்கென எழுதப்பட்ட இசை இல்லாததால் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாததால் பட்டறைகள் அரிதாகவே செய்தன. கருவி கிடைக்காததால் இசையமைப்பாளர்களும் எழுதவில்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியேற அரை நூற்றாண்டு பிடித்தது.

ருஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ், 1892-இல் அரங்கேறிய 'ம்லாதா' ஓபரா-பாலேயில் ஆல்ட்டோவைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அரங்கேறிய இரண்டு பாலேக்கள் அதற்கு நிலையான இடம் தந்தன. மோரிஸ் ராவெலின் 'தாஃப்னிஸும் க்ளோவேயும்' (1912) ஒன்று. அதில் புகழ்பெற்ற குழல் தனிப்பகுதியின் முடிவில், இசை சிறு குழலிலிருந்து படிப்படியாக இறங்கி ஆல்ட்டோவை வந்தடைகிறது. குழல் குடும்பம் முழுவதும் ஒரே நீண்ட கருவியைப் போல் ஒலிக்கும் இடம் அது. இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' (1913) மற்றொன்று. மூதாதையர் சடங்குப் பகுதியில் ஆல்ட்டோவின் தாழ்ந்த சுரங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. இங்கிலாந்தின் கஸ்தவ் ஹோல்ஸ்ட் 1914-க்கும் 1916-க்கும் இடையில் எழுதிய 'கோள்கள்' தொகுப்பிலும் இக்குழல் உண்டு. ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்ஃபொனியிலும் அது இடம்பெற்றது.

தனி இசையிலும் அறை இசையிலும் வளர்ச்சி பின்னர் வந்தது. பியேர் பூலெஸின் 'லெ மார்த்தோ சான் மேத்ர்' (1955) பெண் குரலுடன் ஆல்ட்டோ குழலையும் சேர்த்த சிறு குழுவுக்காக எழுதப்பட்டது. ஜப்பானின் தோரு தாக்கெமித்ஸு 1981-இல் ஆல்ட்டோவுக்கும் கிதாருக்கும் 'கடலை நோக்கி' என்ற படைப்பை எழுதினார். இன்று ஆல்ட்டோ வாங்கும் மாணவர்கள் பலர் தேடிச்செல்லும் படைப்புகளில் இது ஒன்று.

பாஸ் குழலின் தாமதமான வருகை

ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் உண்மையான பாஸ் குழல் ஆல்ட்டோவைவிட மெதுவாகவே வளர்ந்தது. மிலான் நகர லா ஸ்காலா அரங்கின் குழல் கலைஞர் அபெலார்தோ அல்பிசி 1910-இல் 'அல்பிசிஃபோன்' என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். இதில் உடல் செங்குத்தாகத் தொங்கும். ஊதுதுளை மட்டும் மேலே குறுக்காக அமைந்திருக்கும். அகன்ற உட்குழாயால் அடிச்சுரம் வலுவாக ஒலித்தது. மஸ்காக்னி முதலிய இத்தாலிய இசையமைப்பாளர்கள் தங்கள் ஓபராக்களில் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அக்கருவி நிலைக்கவில்லை. இலண்டனின் ருடால் கார்ட் நிறுவனம் 1930-களில் குறுக்காகப் பிடித்து வாசிக்கும் பாஸ் குழலைச் செய்தது. வளைந்த தலைப்பகுதி, முன்னுக்கு நீளும் உடல், கீழ்நோக்கிய சுமையைத் தாங்க ஒரு முட்டு ஆகிய அம்சங்கள் இன்றைய பாஸ் குழலிலும் தொடர்கின்றன.

பாஸ் குழலின் நிலையை மாற்றிய இரண்டு காரணங்கள் கருவிப் பட்டறைக்கு வெளியே தோன்றியவை. முதலாவது ஒலிவாங்கி. தாழ்ந்த அதிர்வுகளை மனிதக் காது குறைவாகவே உணரும். நூறு பேர் கொண்ட இசைக்குழுவில் பாஸ் குழல் எளிதில் மறைந்துபோகும். ஒலிவாங்கியை அருகில் வைத்தால் அந்தக் குறை நீங்கும். காற்றின் உராய்வோடு கூடிய அதன் மூச்சொலியும் அழகாகப் பதிவாகும். அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி 1950-களின் இறுதியிலிருந்து தாழ்சுரக் குழல்களைத் தம் இசையில் கையாண்டார். 1965-இல் வெளிவந்த 'கலிஃபோர்னியா ட்ரீமிங்' என்ற புகழ்பெற்ற பாப் பாடலின் நடுவில் வரும் குழல் தனிப்பகுதி, பட் ஷாங்க் வாசித்த ஆல்ட்டோ ஆகும்.

இரண்டாவது காரணம் குழல் கூட்டிசை. பல குழல் கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் முதலிய நாடுகளில் பெருகின. அமெரிக்கத் தேசியக் குழல் சங்கம் 1972-இல் தொடங்கியது. எல்லாரும் மேல்சுரத்தில் வாசித்தால் இசைக்கு அடித்தளம் இருக்காது. அந்தத் தேவை பாஸ் குழலுக்கும் கான்ட்ரா பாஸ் குழலுக்கும் நிலையான சந்தையை உண்டாக்கியது. பிரட்டோரியுஸ் காலத்தில் குழல் குடும்பத்தைப் பெருக்கிய அதே கூட்டிசை வழக்கம், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் அதைப் பெருக்கியது. ஜப்பானின் கொத்தாத்தோ நிறுவனமும் நெதர்லாந்தின் ஏவா கிங்மாவும் தாழ்சுரக் குழல்களில் சிறப்புப் பெயர் பெற்றார்கள். அதே நாட்டின் யெல்லெ ஹோகென்ஹவுஸ் பி.வி.சி. குழாயால் பெருங்குழல்கள் செய்து எடையையும் செலவையும் குறைத்தார்.

பெயரால் விளையும் குழப்பம்

இங்கிலாந்தில் 'ஜி' சுருதிக் குழலை நெடுங்காலம் 'பாஸ் குழல்' என்றே அழைத்தார்கள். ஹோல்ஸ்டின் இசைத்தாளில் 'ஜி சுருதி பாஸ் குழல்' என்று எழுதியிருப்பதற்கு இதுவே காரணம். பிரான்சில் அதே குழல் 'ஆல்ட்டோ' எனப்பட்டது. இத்தாலியின் 'ஃப்ளவுத்தோனே' என்ற சொல்லுக்குப் பெரிய குழல் என்பதுதான் நேர்ப்பொருள். பெயரை மட்டும் நம்பிக் கருவியை வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ தவறு நேரலாம்.

இதற்கு எளிய வழி சுருதிக் குறிப்பைப் பார்ப்பது. 'ஜி' என்று குறித்திருந்தால் அது இன்றைய ஆல்ட்டோ. 'சி' என்று குறித்து ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்றிருந்தால் அது இன்றைய பாஸ். இரண்டு குழல்களுக்கும் விரலமைப்பு சாதாரணக் குழலினுடையதே. வாசிப்பவர் தாளில் 'சி' என்று கண்டதை வாசிப்பார். ஆல்ட்டோவில் 'ஜி' ஒலிக்கும், பாஸில் ஒரு ஸ்தாயி கீழுள்ள 'சி' ஒலிக்கும். புதிய விரலமைப்பைக் கற்க வேண்டியதில்லை என்பது இக்குழல்களின் பெரும் வசதி.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

எது முதலில்? இசைக்குழு, அறை இசை, தனி இசை ஆகியவற்றில் வாசிப்பவருக்கு ஆல்ட்டோவே முதல் தேவை. அதற்கு எழுதப்பட்ட இசை அதிகம். குழல் கூட்டிசைக் குழுவில் சேர்பவர், குழுவில் எந்தக் குரல் குறைகிறது என்று கேட்டறிந்தபின் முடிவெடுக்கலாம். இசைப்பள்ளியோ குழுவோ பாஸ் குழலைப் பொதுவில் வாங்கி வைத்திருந்தால் தனியாக ஒன்று வாங்கத் தேவை எழாது.

நேரா, வளைவா? ஆல்ட்டோவை இரு வகைத் தலைப்பகுதிகளுடனும் விற்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தருவதும் உண்டு. நேரான தலைப்பகுதியில் குழலை நிலையாகப் பிடிப்பது எளிது. ஆனால் கைகளை நெடுந்தூரம் நீட்ட வேண்டும். வளைந்ததில் கருவி உடலுக்கு அருகில் வரும். குட்டையான கையுடையவர்க்கு அதுவே ஏற்றது. அதே சமயம் சாவிகளின் எடையால் குழல் உட்பக்கம் உருள முற்படும். அதைத் தடுக்கக் கட்டைவிரல் தாங்கி பயன்படும். கை எட்டும் தொலைவைச் சோதிக்காமல் 'நேரானதே ஒலியில் சிறந்தது' என்ற பேச்சை மட்டும் கேட்டு வாங்குவது தோள்வலியில் முடியக்கூடும்.

எடை. பாஸ் குழல் ஏறத்தாழ ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. அரைமணி நேரமேனும் வாசித்துப் பார்க்க வேண்டும். இடக்கைக்கு முட்டு உண்டா, அதை நகர்த்தி அமைக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. முதுகு, தோள், மணிக்கட்டு ஆகியவற்றில் தொல்லை உடையவர்கள் தரையில் ஊன்றி வாசிக்கும் செங்குத்து பாஸ் குழலைக் கருதலாம். அல்பிசி நூறாண்டுக்கு முன் தேர்ந்த நிலை அது.

உலோகம். வெள்ளிமுலாம் பூசிய கலப்புலோக உடலும் வெள்ளித் தலைப்பகுதியும் கொண்ட குழல்கள் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. முழு வெள்ளிக் குழலின் விலை மிக அதிகம். அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவில் செய்த குழல்களை வாசிக்கச் செய்து சோதித்தார். கேட்டவர்களால் அவற்றை ஒலியால் பிரித்தறிய இயலவில்லை. ஊதுதுளையின் வெட்டும் தலைப்பகுதியின் வடிவமும் ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே பணத்தை உலோகத்துக்குச் செலவிடும்முன் தலைப்பகுதியின் தரத்துக்கும் சாவியமைப்பின் உறுதிக்கும் செலவிடுவது அறிவுடைமை.

வாசித்துச் சோதித்தல். அடிச்சுரம் ஒன்றை மட்டும் ஊதி மயங்குவது இக்குழல்களை முதன்முதலில் தொடுவோரிடம் இயல்பாகக் காணப்படும். அடிச்சுரத்திலிருந்து இரண்டாம் ஸ்தாயிக்குத் தாவும்போது ஒலி உடைகிறதா, மூன்றாம் ஸ்தாயியின் தொடக்கச் சுரங்கள் பேசுகின்றனவா, சுருதிமானியில் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மெல்ல ஊதும்போதும் வலுவாக ஊதும்போதும் சுருதி எவ்வளவு நகர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய குழல் மெதுவாகவே பதில் சொல்லும். விரைவான சுரக்கோவைகளைச் சாதாரணக் குழலின் வேகத்தில் எதிர்பார்க்கலாகாது. முடிந்தால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி, சற்றுத் தொலைவிலிருந்து கேட்பது பயன் தரும். வாசிப்பவருக்குக் கேட்கும் ஒலியும் அரங்கில் கேட்கும் ஒலியும் ஒன்றல்ல.

பழைய குழல். அரிதாகவே வாசிக்கப்படும் கருவி என்பதால் நல்ல நிலையில் பழைய தாழ்சுரக் குழல்கள் கிடைப்பதுண்டு. நெடுநாள் பெட்டியில் கிடந்தால் சாவிகளின் அடியிலுள்ள பேடுகள் இறுகி, காற்றுக் கசியும். பெரிய துளைகளில் சிறு கசிவும் அடிச்சுரத்தைக் கெடுக்கும். நீண்ட அச்சுக்கம்பிகள் வளைந்துள்ளனவா, வளைந்த தலைப்பகுதியில் பற்றவைப்பு விட்டிருக்கிறதா, நசுங்கல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். வாங்கும் விலையோடு பழுது நீக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெரிய குழல்களைச் சீர்செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதும் முன்கூட்டியே அறிய வேண்டிய செய்தி.

கமகம் வாசிக்க விரும்புவோர். மூங்கில் குழலில் துளையைப் பாதி மூடியும் விரலை நகர்த்தியும் கமகம் எழுப்புகிறோம். பெரும்பாலான ஆல்ட்டோ, பாஸ் குழல்களில் சாவிகள் துளையை முழுதாக மூடுவதால் விரல் துளையைத் தொடுவதே இல்லை. உதட்டாலும் குழலைச் சுழற்றுவதாலும் மட்டுமே சுருதியைச் சிறிது வளைக்க முடியும். கிங்மா போன்றோர் செய்யும் திறந்த துளைச் சாவிக் குழல்கள் இதற்கு ஓரளவு இடம் தரும். அவற்றின் விலை அதிகம். கர்நாடக இசைக்காக மட்டும் தாழ்ந்த சுருதி வேண்டுபவர், நீண்ட மூங்கில் குழலை முதலில் வாசித்துப் பார்த்தபின் உலோகக் குழலுக்குச் செல்வது நல்லது.

முடிவுரை

ஆறு துளை மரக்குழாயில் தொடங்கிய தாழ்சுரக் குழலின் பயணம், சாவியமைப்பால் விரலின் எல்லையைக் கடந்தது. ஒலிவாங்கியாலும் கூட்டிசையாலும் கேட்போரைப் பெற்றது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சிறு துளையால் விரல் எட்டியது, ஒலி குறைந்தது. சாவியால் ஒலி பெருகியது, விரலுக்கும் துளைக்கும் இருந்த நேரடித் தொடர்பு போனது. வளைவால் கை ஓய்ந்தது, சமநிலை குலைந்தது. குறுகிய உட்குழாயால் மேல்சுரம் பேசியது, அடிச்சுரம் மென்மையானது. கடையில் அடுக்கிவைத்திருக்கும் குழல்கள் ஒவ்வொன்றும் இந்த விட்டுக்கொடுத்தல்களை வெவ்வேறு அளவில் செய்துகொண்டவை. தம் கைக்கும் மூச்சுக்கும் வாசிக்கப்போகும் இசைக்கும் எந்த அளவு ஒத்துவரும் என்று அறிந்து தேர்பவருக்கு, நடுத்தர விலைக் குழலும் பல்லாண்டு நல்ல துணையாக இருக்கும்.